வாளி சாரின் பந்தி இங்கிலீஷ்

மதுரையில் ஆங்கிலத்தைக் கொன்றவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் அதை உட்கார வைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, தலையில் சாம்பார் ஊற்றிக் கொன்றவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் வாளி சார்.

ஆயிரம் பேர் என்று எழுதியது கொஞ்சம் அதிகமோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கம்மி" என்றார்.

வாளி சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சிம்மக்கல்லில் ஒரு மொத்த விற்பனைப் பாத்திரக்கடையின் மாடியில் அவர் வகுப்பு நடத்தினார். படிக்கட்டின் ஒரு பாதி முழுக்க இட்லிக் கொப்பரைகளை அடுக்கியிருப்பார்கள். மீதிப் பாதியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏற வேண்டும். சேலை முந்தானை ஒரு கொப்பரையில் மாட்டினால் போதும், அது உருளுகிற சத்தம் சிம்மக்கல் முழுக்கக் கேட்கும். "இங்கிலீஷ் படிக்க ஒரு உருப்படி வந்துருச்சு" என்று கடைப் பையன்கள் அதை வைத்தே கணக்குப் பண்ணுவார்கள்.

அப்படி உருண்டு புரண்டு மேலே போனால் கரும்பலகை இருக்காது, மேசை இருக்காது, ஒரு புத்தகம் இருக்காது. ஒரு கோரைப்பாய். அதன் முன்னால் வரிசையாகப் பச்சை நிற பிளாஸ்டிக் வாழை இலைகள். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சாம்பார் வாளி, அதற்குள் ஒரு கரண்டி. அவ்வளவுதான் பல்கலைக்கழகம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மகள் யாழினி. யு.கே.ஜி. படிக்கிறாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தமிழ் வழியில் பி.காம். படித்தவள் நான். தாளில் கேட்டால் எழுதிவிடுவேன். வாயைத் திறந்தால்தான் பிரச்சினை. 'ஐ' என்று சொல்ல வந்து, 'மீ'யாக இருக்குமோ என்று யோசித்து, இல்லை இல்லை 'ஐ'தான் என்று திரும்புவதற்குள் எதிரில் இருப்பவர் கிளம்பிப் போயிருப்பார். அப்படித்தான் ஒரு நாள் பள்ளி வாசலில் டீச்சரிடம், "மீ வில் கம் டுமாரோ" என்று சொல்லித் தொலைத்தேன். டீச்சர் தலையாட்டிவிட்டார். ஆனால் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வாண்டு கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாளே வகுப்பில் யாழினிக்கு 'மீவில்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் மதுரைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வாரமே பள்ளியின் வாட்சப் குழுவில் அறிவிப்பு வந்தது. அடுத்து வரும் பள்ளி விழாவில் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவரும் மேடையேறி, 'நானும் என் பிள்ளையும் வீட்டில் எப்படி இருக்கிறோம்' என்று ஆங்கிலத்தில் பேச வேண்டும். நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே யாழினி வந்து என் முழங்காலில் சாய்ந்தாள்.

"அம்மா, நீ வர வேணாம். அப்பாவ அனுப்பு."

"அம்மாதாண்டா வரணும்."

"அப்ப யாருமே வர வேணாம்."

பட்டறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை என்னை ஒளித்துவைக்கப் பார்க்கிறாள். இப்போது ஒளித்துவைத்தால் பத்தாம் வகுப்பில் என்ன செய்வாள், கல்லூரியில் என்ன செய்வாள், கல்யாணத்தில் என்னை எந்த அறையில் பூட்டுவாள் என்றெல்லாம் யோசித்து, மறுநாள் காலை அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று சிம்மக்கல்லில் ஒரு போர்டு தொங்குவதைப் பார்த்த ஞாபகம். அதைத் தொங்கவிட்டவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். விசாரிக்கவில்லை.

முதல் நாளே வாளியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"பிடிங்கம்மா."

"எதுக்கு சார்?"

"நீங்க யாரு?"

பெயரைச் சொன்னேன்.

"பேர யாரு கேட்டா? வாளி யாரு கையில இருக்கு?"

"என் கையில."

"அப்ப நீங்க 'ஐ'. இப்பக் குடுங்க. பாயில உக்காருங்க. இலையப் பாருங்க. இப்ப நீங்க யாரு?"

"அதே ஆளுதான் சார்."

"இல்ல! இப்ப நீங்க 'மீ'. ஆளு அதே ஆளுதான், யாரு இல்லேங்குறது? ஆனா உக்காந்துட்டீங்கள்ல? வாளி பிடிச்சவன் 'ஐ', இலையில உக்காந்தவன் 'மீ'. வாளி பிடிச்சா 'ஹீ', உக்காந்தா 'ஹிம்'. அம்புட்டுத்தேன் இங்கிலீஷ். வெள்ளைக்காரன் இத நீட்டி முழக்கி எழுதி வச்சுட்டுப் போயிட்டான்."

சொல்லிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாதியாக வளைந்து, காலி வாளியிலிருந்து காலிக் கரண்டியை எடுத்து, என் பிளாஸ்டிக் இலையில் காற்றைப் பரிமாறினார். பேன்ட், பெல்ட், உள்ளே செருகிய சட்டை, அதற்கு மேல் ஈரிழைத் துண்டு. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. கொப்பரைகளைத் தாண்டி ஓட முடியாது என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஞானம் அவருக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கெடாவெட்டு விருந்தில் வந்ததாம். முதல் பந்தியில் இடம் கிடைக்காமல், சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாராம். ஒருவர் கறி போடுகிறார், ஒருவர் வாங்குகிறார், போடுகிறவர் நிற்கிறார், வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கிறார். பளிச்சென்று இங்கிலீஷ் கிராமர் விளங்கிவிட்டதாம். பசியில் பலருக்குத் தலை சுற்றும். இவருக்கு மட்டும் இலக்கணம் பிறந்திருக்கிறது.

ஒரு கேள்வியிலும் அவரை மடக்க முடியாது. வெட்கமே இல்லாமல் பதில் சொல்லுவார். 'வித் மீ', 'டு மீ', 'ஃபார் மீ' என்று வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். "வித், டு, ஃபார் எல்லாம் இலை. இலை போட்டாச்சுன்னா உக்காந்துற வேண்டியதுதேன். நின்னுக்கிட்டு யாராச்சும் சாப்புடுவானா?" என்றார். 'ராஜா அண்ட் ஐ' என்று இரண்டு பேர் வந்தால்? "ஒருத்தன் சாம்பார், ஒருத்தன் ரசம். ரெண்டு பேரும் வாளி பிடிச்சவய்ங்கதேன். ரசந்தானேன்னு ஒருத்தன் போயி உக்கார முடியுமா?"

எனக்குச் சந்தேகங்கள் இயற்கையாகவே அதிகம். கேஸை அணைத்தேனா என்று ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் நான். "சார், 'இட் இஸ் ஐ'யா, 'இட் இஸ் மீ'யா? அங்க யாரும் யாருக்கும் பரிமாறலையே?" என்று கேட்டேன். சிக்கிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நொடி மீசையைத் தடவினார்.

"அது பஃபேம்மா" என்றார். "தானே போட்டுத் தானே திங்கிறது. நின்னாலும் சரி, உக்காந்தாலும் சரி. அங்க மரியாதையெல்லாம் பாக்கப்படாது."

'ஐ வாஸ் பீட்டன்' என்றால் அடி வாங்கியவன் எப்படி 'ஐ' ஆவான் என்று இன்னொரு நாள் கேட்டபோது, "வாளியோட வழுக்கி விழுந்துட்டான். விழுந்தாலும் வாளிய விடல பாத்தீங்களா, அதேன் 'ஐ'" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். இதைத்தான் ஆங்கிலம் என்று நாங்கள் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

புரிந்ததா என்று ஒரு நாளும் கேட்க மாட்டார். "போதுமா?" என்றுதான் கேட்பார். புரிந்தவர்கள் பந்தியில் போதும் என்று காட்டுவதைப் போல இலைக்கு மேல் கையை விரித்து மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால் திரும்பவும் முதலில் இருந்து பரிமாறுவார். படிக்காத மனுசன் கூட இரண்டாம் தடவையே கையால் மறைத்துவிடுவான். நான் மறைப்பேன், பிறகு யோசித்துக் கையை எடுப்பேன், பிறகு மறைப்பேன். "ஏம்மா, பாயாசத்த வேணும்கிறீங்களா, வேணாம்கிறீங்களா?" என்பார்.

வகுப்பில் அவரை உண்மையிலேயே மண்ணைக் கவ்வ வைத்தவர் ஒருவர்தான். கீழே இருந்த பாத்திரக்கடையின் முதலாளியம்மா. பாத்திரக்கடை அக்கா என்போம். கடைக்கு வடநாட்டு ஏஜென்டுகள் வருகிறார்கள், பேச வேண்டும் என்று மேலே ஏறி வந்து உட்காருவார். ஒரு நாள் சார் அவரிடம், வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னார்.

"ஹிம் கோ ஷாப்" என்றார் அக்கா.

"'ஹீ'! 'ஹீ கோஸ்'!"

"எப்படி சார் 'ஹீ' வரும்?"

"ஏன் வராது?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் ஒரு கரண்டியத் தொட்டதில்ல. தண்ணி செம்பக்கூட நான்தேன் எடுத்துக் குடுக்கணும். வாளி எப்பயும் என் கையில. அவரு எப்பயும் இலையில. அப்ப அவரு 'ஹிம்'தானே?"

"அம்மா, கடைக்குப் போறாருல்ல? போறது அவரு செய்யிற வேலைதானே?"

"போயி என்ன செய்யிறாரு? கல்லாவுல உக்காருறாரு. அங்கயும் உக்காருறதுதேன். நீங்கதானே சார் சொன்னீங்க, உக்காந்தா 'ஹிம்'முன்னு?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. சார் வாளியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். கீழே கல்லாவில் அந்த 'ஹிம்' இருமுவது கேட்டது. அன்றைக்கு அத்தோடு பந்தி கலைந்தது. மறுநாள் வந்து, மிகவும் யோசித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லாப் பாஷையிலயும் விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்கு. அக்கா வீட்டுக்காரரு மட்டும் இங்கிலீஷ்ல விதிவிலக்கு" என்று அறிவித்தார். அக்கா அதை ஏற்றுக்கொண்டு, கடைசிவரை அவரை 'ஹிம்' என்றே குறிப்பிட்டு வந்தார். வடநாட்டு ஏஜென்டுகளுக்கும் அது புரிந்துதான் இருக்கும்.

அக்கா சாரை மடக்கிய அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சோபாவில் கால் நீட்டி, செல்போனைப் பார்த்தபடி, "ஏம்மா, காப்பி?" என்று ஒரு 'ஹிம்' கேட்டது. காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையை மட்டும் மறந்துவிட்டேன்.

இன்னொரு கிறுக்கு, அந்த வாளியை அவர் வகுப்பில் வைத்துவிட்டுப் போக மாட்டார். பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா? வெட்டுகிறவர் என்ன பெயர் என்று கேட்டபோது 'ஐ' என்று போடச் சொல்லியிருக்கிறார். வாளியின் வயிற்றில் அந்த ஒற்றை எழுத்து பளபளக்கும். அதைத் தூக்கிக்கொண்டு டவுன்பஸ்ஸில் போவார். "அண்ணே, எந்த மண்டபம்?" என்று கண்டக்டர்கள் கேட்பார்கள். இவரும் கோபப்படாமல், "இன்னிக்கு மண்டபம் இல்லண்ணே, கிராமர்" என்பார். ஏதாவது கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போனாலும், பரிமாற ஆள் குறைகிறது என்று தெரிந்த நிமிஷம் துண்டைக் கட்டிவிடுவாராம். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சமையல்காரர் என்று நினைப்பார்கள்.

சரஸ்வதி பூஜைக்கு வகுப்பில் அக்கா ஒரு தூக்கு நிறையச் சுண்டல் கொண்டுவந்தார். அதை வாளியில் கொட்டி, எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து சார்தான் பரிமாறினார். அன்றைக்கு வாளியில் நிஜமாகவே ஏதோ இருந்ததால் அவருக்குக் கை நிற்கவில்லையோ என்னவோ, எல்லார் இலையிலும் மலை மலையாக விழுந்தது. அக்காதான் கேட்டார்.

"சார், ஒங்களுக்கு?"

"வாளி பிடிச்சவனுக்குக் கடைசிப் பந்திம்மா."

கடைசிப் பந்தி வரும்போது வாளி காலி. கரண்டியைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு, நன்றாக இருந்ததா என்று எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய தியாகி மாதிரி நடிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பசிக்கிற மனிதன் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டால் ஆங்கிலம் குறைந்தா போய்விடும்?

இதற்கிடையில் என் வீட்டிலும் பந்தி பரவிவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையால் பரிமாறிக் காட்ட வேண்டும் என்பது சாரின் சட்டம். 'ஐ' என்றால் கை வாளிக்குள் போக வேண்டும், 'ஹெர்' என்றால் இலைக்குப் போக வேண்டும். யாழினிக்கு இட்லி ஊட்டும்போது பேசிப் பழகினேன். கை தானாகவே முங்கி எழுந்தது. அவள் முதலில் முறைத்தாள். பிறகு, "போதுமா?" என்று நான் கேட்டால் தட்டுக்கு மேல் குட்டிக் கையை விரித்து மூடப் பழகிக்கொண்டாள். ஆனாலும் விழாப் பேச்சை எடுத்தால், "அப்பா வரட்டும்" என்பதை மட்டும் விடவில்லை.

விழாவுக்கு முந்தின வகுப்பில் சார் கேட்டார்.

"எந்த ஸ்கூலும்மா?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நான் வாரேன்."

"ஐயோ, வேணாம் சார். பேரன்ட்ஸ் மட்டுந்தான்."

"உள்ள வரலம்மா. சன்னல்கிட்ட நின்னு வாளியத் தூக்கிக் காமிக்கிறேன். பாத்ததும் ஒங்களுக்கு ஞாபகம் வந்துரும்."

அன்று இரவு நான் தூங்கவில்லை. 'மீவில்கம்' போதாதென்று 'வாளி' என்றொரு பெயரும் என் பிள்ளைக்குச் சேரப்போகிறது. தொலைபேசியில் கூப்பிட்டு வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். மனம் நோகுமே என்று விட்டேன். விட்டது தவறோ என்று யோசித்தேன்.

பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளை முன்னால் ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் நாற்காலிகளில் பெற்றோர். எனக்கு முன்னால் பேசிய அம்மாக்கள் எல்லாரும், "மீ அண்ட் மை டாட்டர்", "மீ அண்ட் மை சன்" என்று ஆரம்பித்து, அருவி மாதிரி கொட்டிவிட்டுப் போனார்கள். டீச்சர் கைதட்டினார். வாளி சாரின் கணக்குப்படி அது அத்தனையும் உட்கார்ந்துகொண்டே பரிமாறியது. ஆனால் அத்தனை பேர் அவ்வளவு தைரியமாகச் சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கெடாவெட்டில் பிறந்த இலக்கணத்தை நம்பி நான் மேடை ஏறலாமா?

என் முறை வந்தது. மைக் ஒரு முறை விசில் அடித்தது. எல்லாச் செல்போன்களும் என்னைப் பார்த்து நிமிர்ந்தன. யாழினி இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்து, ஷூவின் வெல்க்ரோவைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"குட் மார்னிங் எவரிபடி. யாழினி அண்ட்..."

அங்கேயே நின்றேன். 'அண்ட்'டுக்குப் பிறகு உலகத்தில் ஒன்றுமே இல்லை. சன்னலைப் பார்த்தேன். அங்கேயும் வாளி இல்லை. வர வேண்டாம் என்று நினைத்த மனிதரை அந்த நிமிஷம் நான் தேடினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது. "அண்ட்..." என்றேன் மறுபடியும். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாழினியின் தலை இன்னும் குனிந்தது.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது.

துண்டைக் கட்டிக்கொண்டு, பாதியாக வளைந்து, வாளியோடு சார் உள்ளே வந்தார். வாளியில் இருந்து ஆவி பறந்தது. நெய் வாசனை மேடை வரைக்கும் ஏறியது. அது கேசரி. விழா முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகச் செய்தது. வாசலில் வாளியோடு நின்றவரைப் பார்த்து வாட்ச்மேன், "சமையலாண்ணே? இப்படிப் பின்பக்கமாப் போங்க" என்று அனுப்பியிருக்கிறார். பின்பக்கம் இருந்த சமையல்காரர், வாளியைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் நிரப்பிவிட்டார். மதுரையில் வாளியோடு வருகிறவனை யாரும் யார் என்று கேட்பதில்லை.

கக்கத்தில் இடுக்கியிருந்த காகிதத் தட்டுகளைப் போட்டுக்கொண்டே சார் முதல் வரிசையில் இருந்து ஆரம்பித்தார். டீச்சர், "இப்ப இல்ல, இப்ப இல்ல" என்று கையை ஆட்டினார். பரிமாறுகிறவன் தட்டைத்தானே பார்ப்பான், டீச்சரையா பார்ப்பான்?

"அங்கிள், எனக்கு!"

"அங்கிள், இவனுக்கு மட்டும் ரெண்டு முந்திரி!"

"வருது ராசா, வருது. எல்லாருக்கும் வருது."

அவ்வளவுதான். மண்டபம் சந்தையாகிவிட்டது. என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை செல்போன்களும் அவரவர் பிள்ளை கேசரி தின்பதைப் பிடிக்கத் திரும்பிவிட்டன. "யூனிபார்ம்ல சிந்தாதடா" என்று அப்பாக்கள் எழுந்தார்கள். மேடையில் ஒருத்தி நிற்கிறாள் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஒருத்தியைத் தவிர. யாழினி தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேசரியைத் தொடாமல், நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்பதற்கு வேறு யாரும் இல்லாததால் நான் அவளிடம் பேசினேன். காலையில் நான் அவளை எழுப்புவதை, அவள் போர்வைக்குள் ஒளிந்துகொள்வதை, நான் இட்லி ஊட்டுவதை, அவள் என் விரலைக் கடிப்பதை, அவள் பேசாத நாளில் எனக்கு வீடு பிடிக்காமல் போவதை எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வலது கை அதுபாட்டுக்கு வாளியில் முங்கி அவள் இலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'ஐ' வந்ததா, 'மீ' வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாட்சியும் கிடையாது. அந்த நேரத்து வீடியோ எல்லாவற்றிலும் கேசரிதான் இருக்கிறது.

முடித்தபோது, "தேங்க்யூ" என்று சொல்வதற்குப் பதிலாகப் பழக்க தோஷத்தில், "போதுமா?" என்று கேட்டுவிட்டேன்.

யாழினி தட்டுக்கு மேல் கையை விரித்து மூடினாள். பல் தெரியச் சிரித்தாள்.

கீழே இறங்கியபோது டீச்சர் சாரை மடக்கியிருந்தார். "யார் உங்கள இப்பக் கொண்டுவரச் சொன்னது? புரோகிராமே கெட்டுப் போச்சு. நீங்க எந்த கேட்டரிங்?"

"பிள்ளைக பசியா இருந்துச்சுக மேடம்."

"எந்த கேட்டரிங்னு கேக்குறேன்ல?"

சுற்றிலும் அருவி மாதிரிப் பேசிய அம்மாக்கள் நின்றார்கள். சார் என்னைப் பார்க்கவில்லை. தெரிந்தவள் என்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேசாமல் நகர்ந்திருந்தால் அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். யோசிக்க நேரம் இருந்திருந்தால் நகர்ந்திருப்பேனோ என்னவோ. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டரிங் இல்ல மேடம்" என்றேன். "இவரு எங்க இங்கிலீஷ் சார்."

டீச்சர் துண்டைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் முகம் சொன்னது.

கூட்டம் கலைந்த பிறகு சாரிடம் கேட்டேன். "வேணும்னேதான் முன்னாடியே கொண்டுவந்தீங்களா சார்?"

"கேசரி ஆறிருச்சுன்னா நல்லாருக்காதும்மா."

இதில் எது பொய், எது நிஜம் என்று நான் அவரிடமிருந்து கடைசிவரை பிடுங்க முடியவில்லை. இப்போது அந்த மாடி பிளாஸ்டிக் வாளிகளுக்கு குடோன் ஆகிவிட்டது. சார் வகுப்பை ஆரப்பாளையம் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஆங்கிலம் கற்றுக்கொள்ள நினைக்கும் யாருக்கும் அவரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு அவரை அந்த ஜமுக்காளத்தில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். யாழினி துண்டைப் பிடித்து இழுத்ததும் உட்கார்ந்தார். உட்கார்ந்து பழக்கமில்லாதவர் போலக் காலை எங்கே மடக்குவது என்று தடுமாறினார். நான் வாளியை வாங்கி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்தேன். ஒரு கரண்டிகூடத் தேறவில்லை.

"இப்பச் சொல்லுங்கம்மா, நான் யாரு?" என்றார்.

"பசிச்சவரு சார். பேசாம சாப்புடுங்க."

இரண்டு வாயில் தட்டு காலி. "போதுமா சார்?" என்று கேட்டேன். தன் வாழ்நாளில் எத்தனை பேரிடம் அதைக் கேட்டிருப்பார். அவர் தட்டுக்கு மேல் கையை விரிக்கவில்லை. யாழினி தொடாமல் வைத்திருந்த தன் தட்டை என்னிடம் நீட்டினாள். முந்திரி மேலே வருகிற மாதிரி பார்த்து அவருக்கு வைத்தேன்.